குழந்தையை இழந்தவர்களின் துக்கத்துக்குக் கெடு உண்டா?

மகனையோ மகளையோ பறிகொடுத்தவர்களைச் சுற்றி இருப்பவர்கள், வெளியே சொல்லாவிட்டாலும் மனதுக்குள் ஒரு கெடு வைத்திருக்கிறார்கள். முதல் மாதம் எல்லோரும் கூடவே இருப்பார்கள். ஆறு மாதம் போனால் "இன்னும் அப்படியேதான் இருக்காளா?" என்று விசாரிப்பு வரும். ஒரு வருடம் போனால் "மனசைத் தேத்திக்கணும், இருக்கிற பிள்ளையைப் பாரு" என்று அறிவுரை வரும். அதற்குப் பிறகும் கண் கலங்கினால், ஏதோ கோளாறு என்று முடிவே கட்டிவிடுவார்கள். பெற்றவர்களும் இந்தக் கெடுவை நம்பிவிடுவதுதான் கொடுமை. பிள்ளை போன துயரம் போதாதென்று, உரிய காலத்தில் மீளவில்லையே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது.

புத்திர சோகம் பொல்லாதது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். துக்கம் என்பது படிப்படியாக நடந்து, ஒரு நாள் முடிந்துவிட வேண்டிய வேலை என்ற எண்ணமோ நூறு வருடப் பழக்கம்தான். அது எப்படி வந்தது, எங்கே பிசகியது என்று தெரிந்துகொண்டால் அந்தக் குற்ற உணர்வில் பாதியாவது இறங்கும் என்று நம்புகிறேன்.

தொடக்கம் உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டிடம். 1917இல் வெளியான 'துக்கமும் மனச்சோர்வும்' என்ற கட்டுரையில் அவர் துக்கத்தை மனம் செய்யும் ஒரு வேலையாக விவரித்தார். இறந்தவரைப் பற்றிய நினைவுகளை மனம் ஒவ்வொன்றாக எடுத்து, "இனி அவர் இல்லை" என்று தனக்குத் தானே சொல்லி, பற்றை மெல்ல அறுத்துக்கொள்கிறது. அந்த வேலை முடிந்ததும் மனம் மறுபடி விடுதலை பெறுகிறது. துக்கத்தை ஃபிராய்ட் நோய் என்று சொல்லவில்லை. அதில் யாரும் தலையிட வேண்டாம் என்றே எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைக் கெட்டிப்படுத்திவிட்டார்கள். பற்றை அறுத்தவர் நலமானவர், அறுக்காதவர் நோயாளி என்ற அளவுகோல் பல பத்தாண்டுகள் மனநல மருத்துவத்தில் கோலோச்சியது.

கட்டுரை வெளியாகி மூன்று ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. 1920 ஜனவரியில் ஃபிராய்டின் மகள் சோஃபி இன்ஃப்ளுயன்சா காய்ச்சலில் இறந்தாள். வயது 26. ஃபிராய்ட் இருந்தது வியன்னாவில், மகள் ஹாம்பர்கில். முதல் உலகப் போர் முடிந்த நேரம், ரயில் போக்குவரத்து குலைந்திருந்தது, மகளைப் பார்க்கப் போக முடியவில்லை. 1923இல் சோஃபியின் இளைய மகனும் நான்கு வயதில் காசநோயால் இறந்தான். அந்தச் சிறுவன் போன பிறகு தனக்கு வாழ்க்கையில் எதிலும் பிடிப்பில்லை என்று ஃபிராய்ட் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

1929 ஏப்ரலில், மகனை இழந்த நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். உயிரோடு இருந்திருந்தால் சோஃபிக்கு அன்று 36 வயது என்று அதில் குறிப்பிடுகிறார். இழப்பின் முதல் கடுமை தணியும். ஆனால் ஆறுதல் கிடைக்காது, ஈடும் கிடைக்காது. அந்த இடத்தை எது வந்து நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும். அப்படி இருப்பதுதான் சரி, விட மனமில்லாத அந்த அன்பைத் தொடர அது ஒன்றே வழி. கடிதத்தின் சாரம் இதுதான். ஒன்பது ஆண்டுகள் கழித்தும் இறந்த மகளின் வயதை எண்ணிக்கொண்டிருந்த தகப்பன், தன் கட்டுரையைத் தானே திருத்திவிட்டார் என்றே நான் இதைப் படிக்கிறேன். உலகம் பிடித்துக்கொண்டது 1917ஆம் ஆண்டுக் கட்டுரையைத்தான்.

இன்னொரு பெரிய குழப்பம் 1969இல் வந்தது. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அந்த ஆண்டு முன்வைத்த ஐந்து கட்டங்கள், அதாவது மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு, இன்று எல்லோருக்கும் மனப்பாடம். மரணப் படுக்கையில் இருந்த நோயாளிகளோடு பேசி, அவர்கள் தங்கள் மரணத்தை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று அவர் விவரித்தது அது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வீடு திரும்பியவர்களை வைத்து உருவானதல்ல. பிறகுதான் அது எல்லா இழப்புக்கும் பொருந்தும் படிக்கட்டாகப் பரவியது. "எனக்கு இன்னும் கோபமே அடங்கவில்லை, ஏற்பு எப்போது வரும்?" என்று தவிக்கும் தாய்க்கு இந்த ஒரு விவரம் தெரிந்தாலே பெரிய ஆறுதல். அவர் எந்தப் படியிலும் தேங்கி நிற்கவில்லை. அப்படி ஒரு படிக்கட்டே அவருக்காகக் கட்டப்படவில்லை.

மாற்றம் ஆய்வாளர்களிடமிருந்து வரவில்லை, பெற்றவர்களிடமிருந்து வந்தது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகர மருத்துவமனை ஒன்றில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அந்த இரு தம்பதிகளும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்ட விதத்தை அங்கிருந்த இளம் பாதிரியார் சைமன் ஸ்டீஃபன்ஸ் கவனித்தார். தன்னால் கொடுக்க முடியாத ஒன்றை அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது அவருக்குப் புரிந்தது. 1969இல் 'கம்பாஷனேட் ஃபிரெண்ட்ஸ்' என்ற குழு பிறந்தது அப்படித்தான். பிள்ளையை இழந்தவர்களுக்குப் பிள்ளையை இழந்தவர்களே துணை என்ற அந்த ஏற்பாடு இன்று பல நாடுகளில் இருக்கிறது.

அமெரிக்காவில் அந்தக் குழுவின் ஒரு கிளையோடு பல ஆண்டுகள் பழகியவர் டென்னிஸ் கிளாஸ் என்ற ஆய்வாளர். பாடப்புத்தகம் சொன்னதற்கு நேர்மாறானதை அவர் அங்கே பார்த்தார். பெற்றவர்கள் யாரும் பற்றை அறுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையைத் தங்கள் வாழ்க்கையில் வேறொரு இடத்தில் வைத்துக்கொண்டார்கள். அந்த இடம் கிடைத்த பிறகு வேலை செய்தார்கள், சிரித்தார்கள், மற்ற பிள்ளைகளை வளர்த்தார்கள். 1996இல் ஃபிலிஸ் சில்வர்மேன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோரோடு சேர்ந்து அவர் இதைத் 'தொடரும் பிணைப்பு' என்ற கருத்தாக வெளியிட்டார். ஃபிராய்ட் கடிதத்தில் எழுதியது துறையின் கொள்கையாக வந்து சேர 67 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பெற்றவர்களின் இழப்பு ஏன் இப்படி நீள்கிறது? அன்பு அதிகம் என்பதால் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். பிள்ளை வளர்ப்பது முழுக்க முழுக்க நாளையைப் பார்த்துச் செய்யும் வேலை. அடுத்த வருடம் எந்த வகுப்பு, எந்த அளவில் செருப்பு, காய்ச்சல் வந்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று மனம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளை இறந்த அன்று அந்த ஓட்டம் நிற்பதில்லை, போய்ச் சேர இடமில்லாமல் ஓடுகிறது. மூன்று வயதில் போன குழந்தைக்கு இப்போது பதினைந்து என்று தாய்க்குத் தெரியும். அதே மாதம் பிறந்த தெருப் பையனுக்கு மீசை அரும்பியிருப்பதைப் பார்த்ததும் அவள் பேச்சு பாதியில் நின்றுபோகும். எதிரே இருப்பவருக்குக் காரணமே புரியாது. இருபது வருடம் கழித்து மகளின் வகுப்புத் தோழியிடமிருந்து கல்யாணப் பத்திரிகை வரும். பத்திரிகையைக் கொண்டுவந்தவள் நல்ல மனதோடுதான் வந்திருப்பாள். ஒரே மரணம்தான், ஆனால் பிள்ளை எட்டியிருக்க வேண்டிய ஒவ்வொரு வயதிலும் அது புதிதாக ஒன்றைப் பறிக்கிறது. இதற்குக் கெடு வைப்பது எப்படி?

இந்த இடத்தில் இன்னொரு வாதம் வரும். அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளை பெற்று நான்கைப் பறிகொடுத்தவர்கள் இப்படியா உட்கார்ந்திருந்தார்கள் என்பார்கள். வரலாற்றாசிரியர்களிலும் சிலர் இப்படி எழுதியதுண்டு. குழந்தை மரணம் சாதாரணமாக இருந்த நூற்றாண்டுகளில் பெற்றோர் பிள்ளைகள்மேல் அதிகம் பாசம் வைக்காமல் தங்களைக் காத்துக்கொண்டார்கள் என்று லாரன்ஸ் ஸ்டோன் 1977இல் வாதிட்டார். பழைய நாட்குறிப்புகளையும் தன்வரலாறுகளையும் நூற்றுக்கணக்கில் படித்த லிண்டா பொல்லாக் 1983இல் அதை மறுத்தார். அந்தப் பக்கங்களில் கண்ணீர் நிறையவே இருந்தது.

சார்லஸ் டார்வினுக்குப் பத்துப் பிள்ளைகள். மூவர் சிறு வயதிலேயே இறந்தார்கள். அவர்களில் ஆனி 1851 ஏப்ரலில் பத்து வயதில் போனாள். ஒரு வாரத்தில் டார்வின் அவளைப் பற்றி ஒரு நினைவுக் குறிப்பு எழுதி வைத்தார். பின்னாளில் அவள் முகச்சாயலும் சுபாவமும் மறந்துவிடக் கூடாதே என்பதற்காக. ஆனியின் எழுதுபெட்டியைத் தாய் எம்மா பத்திரமாக வைத்திருந்தாள். வாத்து இறகுப் பேனா, நாடாக்கள், மணிகள், முடிக்காத தையல் வேலை, ஒரு கற்றைத் தலைமுடி, கூடவே மகளின் நோயைப் பற்றி டார்வின் நாள்தோறும் குறித்த தாள். அந்தப் பெட்டி பல தலைமுறை தாண்டி இன்றும் இருக்கிறது. பிள்ளைகள் நிறைய இருந்ததால் ஒருத்தியின் இழப்பு குறைந்துவிட்டது என்று அந்தப் பெட்டியைப் பார்த்த யாராலும் சொல்ல முடியாது.

உடம்பும் இந்தச் சுமையைத் தாங்குகிறது. டென்மார்க்கில் குழந்தையை இழந்த 21,062 பெற்றோரை, இழக்காத ஏறக்குறைய 2,94,000 பேரோடு ஒப்பிட்ட ஆய்வு 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. பிள்ளையை இழந்த தாய்மார்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 43 சதவீதம் அதிகம். முதல் மூன்று ஆண்டுகளில் தற்கொலை, விபத்து போன்ற இயற்கையல்லாத மரணங்கள் தாய்மாரிடம் ஏறக்குறைய நான்கு மடங்கு. தந்தையரிடமும் தொடக்க ஆண்டுகளில் இத்தகைய மரணங்கள் கூடியிருந்தன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பல்லாண்டு தொடர்ந்த ஓர் ஆய்வில், பிள்ளை இறந்து சராசரியாக 18 ஆண்டுகள் ஆன பிறகும் பெற்றோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் உடல்நலக் குறைகளும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. ஒரு வருடத்தில் தேற வேண்டும் என்பவர்கள் இந்த 18ஐ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதனால் எல்லோரும் நொறுங்கியே போகிறார்கள் என்று அர்த்தமல்ல. பெரும்பாலோர் நடந்துகொண்டேதான் இருக்கிறார்கள், பாரத்தோடு.

கணவன் மனைவி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வீட்டுக்குள் நடப்பதுதான் வெளியே யாருக்கும் தெரிவதில்லை. ஒரே பிள்ளைதான் போயிருக்கிறது, ஆனால் துக்கம் இரண்டாக இருக்கிறது. அவள் புகைப்படங்களை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். அவன் அந்த அறைக் கதவையே திறக்க மாட்டான். அவன் பத்தாம் நாளே வேலைக்குப் போய்விடுவான். "எப்படித்தான் முடிகிறதோ" என்று அவளுக்கு ஆத்திரமாக இருக்கும். அவன் காரை ஓரமாக நிறுத்தி அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவது அவளுக்குத் தெரியாது.

மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் இதை விளக்கினார்கள். துக்கப்படுபவர் ஊஞ்சல்போல இரு பக்கமும் போய்வருகிறார். சில நேரம் இழப்பின் பக்கம், சில நேரம் அன்றாட வாழ்க்கையின் பக்கம். இரண்டும் வேண்டும், ஒன்றிலேயே நின்றுவிடுவதுதான் ஆபத்து. தம்பதிகளின் சிக்கல் என்னவென்றால், இரண்டு ஊஞ்சல்களும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இருப்பதில்லை. அவளுக்கு அன்று கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும், அவன் அன்றைக்குத்தான் உடைந்திருப்பான்.

அப்போது இருவரும் செய்வது ஒன்றுதான்: மற்றவருக்காக அடக்கிக்கொள்வது. "நான் அழுதால் அவள் தாங்க மாட்டாள்." கேட்க அன்பாகத்தான் இருக்கிறது. நெதர்லாந்தில் பிள்ளையை இழந்த 219 தம்பதிகளை, இறப்புக்கு 6, 13, 20 மாதங்கள் கழித்து மூன்று முறை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இதைப் பற்றித்தான். துணைக்காகத் துக்கத்தை அடக்கியவரின் துக்கம் கூடியது. யாருக்காக அடக்கினாரோ அவருடைய துக்கமும் கூடியது. இதைப் படித்தபோது நான் வெகுநேரம் யோசித்தேன். எத்தனை வீடுகளில் இரண்டு பேர் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணி, பக்கத்துப் பக்கத்து அறையில் தனியாக அழுதுகொண்டிருப்பார்கள்.

பிள்ளை இறந்தால் பத்தில் எட்டு தம்பதிகள் பிரிந்துவிடுவார்கள் என்ற பேச்சும் மேலை நாடுகளில் நெடுநாள் உலவியது. அதற்கு ஆதாரம் இல்லை. கம்பாஷனேட் ஃபிரெண்ட்ஸ் 2006இல் அமெரிக்காவில் எடுத்த கணக்கெடுப்பில் மணமுறிவு 16 சதவீதம்தான். பதில் அனுப்பியவர்களை மட்டும் வைத்துச் சொன்ன கணக்கு அது, ஆனாலும் எண்பதுக்கு அருகில்கூட வரவில்லை. ஏற்கெனவே துவண்டிருப்பவர்களிடம் "அடுத்து உங்கள் கல்யாணமும் போய்விடும்" என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

எல்லா இழப்புக்கும் ஒரே மரியாதை கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். துக்கத்தை ஆராய்ந்த கென்னத் டோகா 1989இல் இதைச் சமூகம் அங்கீகரிக்காத துக்கம் என்று விளக்கினார். உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 19 லட்சம் குழந்தைகள், கர்ப்பத்தின் 28 வாரங்களுக்குப் பிறகு, உயிரின்றிப் பிறக்கின்றன. அந்தத் தாய்க்குப் பால் கட்டுகிறது, மார்பு வலிக்கிறது. சுற்றியிருப்பவர்களோ "அடுத்தது நல்லபடியா பிறக்கும்" என்கிறார்கள். எண்பது வயதில் ஐம்பத்தைந்து வயது மகனை இழந்தவரிடம் யாரும் வந்து உட்காருவதில்லை. மருமகளையும் பேரப்பிள்ளைகளையும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். தற்கொலையிலோ போதையிலோ பிள்ளை போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். வந்தவர்கள் கண்ணில் கேள்வி இருக்கும். பெற்றவர்கள் ஏற்கெனவே ஆயிரம் முறை தங்களைக் கேட்டுக்கொண்ட அதே கேள்வி.

அப்படியென்றால் துக்கம் ஒருபோதும் நோயாவதில்லையா? ஆகிறது, சிலருக்கு. எது மனநோய் என்று வரையறுக்கும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேட்டில், இழப்புக்குப் பின் இரண்டு மாதம் வரை மனச்சோர்வு நோய் என்று பொதுவாக முடிவு செய்ய வேண்டாம் என்ற விலக்கு இருந்தது. 2013இல் அந்த விலக்கை நீக்கினார்கள். துக்கத்தையே நோயாக்குகிறீர்களே என்று பெரும் சர்ச்சை எழுந்தது. 2022இல் 'நீடித்த துக்கக் கோளாறு' என்ற தனிப் பெயர் சேர்ந்தது. பெரியவர்களுக்கு இழப்பு நிகழ்ந்து குறைந்தது 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அது 6 மாதம்.

அந்த மாதக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு யாரும் பயப்பட வேண்டாம். ஏக்கம் இருப்பதை வைத்து முடிவு செய்வதில்லை. ஏறக்குறைய தினமும், ஓய்வில்லாமல் ஏக்கம் ஆட்டிப்படைக்க, நடந்ததை நம்பவே முடியாமல், தன்னில் ஒரு பகுதி செத்துவிட்டதுபோல, எதிலும் அர்த்தம் தெரியாமல் வாழ்க்கை ஸ்தம்பித்துப்போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. நினைவு நாளில் அழுபவர், பிள்ளையின் சட்டையை முகர்ந்து பார்ப்பவர், பிள்ளையோடு மனதுக்குள் பேசுபவர் நோயாளி அல்ல. இரண்டு வருடமாக வீட்டை விட்டு வெளியே வராதவர், சாப்பாடும் தூக்கமும் சிதைந்தவர், மற்ற பிள்ளைகளின் முகம் பார்க்க முடியாதவர், இவர்களுக்கு உதவி தேவை. உதவி இருக்கவும் செய்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் உருவாக்கிய, 16 அமர்வுகள் கொண்ட துக்கச் சிகிச்சை பலன் தருவதை 2005 முதல் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மனச்சோர்வு மாத்திரை மட்டும் துக்கத்தைக் குறைக்கவில்லை. சிகிச்சையோடு சேர்ந்தபோது மனச்சோர்வைத் தணித்தது என்று 2016இல் வந்த முடிவு சொல்கிறது.

"அவன்கிட்டயே போயிடலாம்னு இருக்கு" என்று பெற்றவர்கள் பலர் சொல்வார்கள். பல நேரம் அது ஏக்கத்தின் மொழி. ஆனாலும் விட்டுவிடாமல், "உயிரை விடணும்னு யோசிக்கிறீங்களா? எப்படின்னு ஏதாவது திட்டம் இருக்கா?" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும்.

சுற்றி இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். பேச்சில் அந்தப் பெயர் வராமல் எல்லோரும் பார்த்துப் பார்த்து நடப்பதுதான் பெற்றவர்களுக்கு இரண்டாவது இழப்பு. உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று புதியவர் கேட்டால் என்ன சொல்வது என்பது இவர்கள் தினமும் எதிர்கொள்ளும் பரீட்சை. ஒன்று என்றால் போனவளுக்குத் துரோகம் செய்ததுபோல் இருக்கும். இரண்டு என்றால் அடுத்த கேள்வி வரும். எனக்குத் தெரிந்த ஒரு தாய் "ரெண்டு பேர், ஒருத்தி இப்ப இல்லை" என்று நிதானமாகச் சொல்லப் பழகிக்கொண்டார். கேட்பவர் பேச்சை மாற்றாமல் "அவ பேரு என்ன?" என்று கேட்டால் அவர் முகமே மாறிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரமும் பேசுவார்.

"கடவுள் நல்லவங்களைத்தான் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்", "நல்லவேளை, இன்னொன்னு இருக்கே" என்பன போன்றவற்றைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். என்ன உதவி வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. எதை முதலில் செய்வது என்றே தெரியாத நிலையில் இருப்பார்கள். மற்றப் பிள்ளையைப் பள்ளியில் விடுவது, இறப்புச் சான்றிதழுக்கு அலைவது, வங்கியிலும் பள்ளியிலும் பெயர் நீக்க எழுதிக் கொடுப்பது என்று வேலைகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு செய்துவிடுங்கள். உடன்பிறந்த பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "அம்மாவை அழ வைக்காதே" என்ற கட்டளைக்குள் அந்தப் பிள்ளை தன் துக்கத்தை மென்று விழுங்கிக்கொண்டிருக்கும்.

முதல் வருடத்தைவிட இரண்டாம் வருடம் கடினம் என்று பல பெற்றோர் சொல்வார்கள். முதல் வருடத்தின் மரத்துப்போன நிலை விலகியிருக்கும், கூட்டமும் கலைந்திருக்கும். ஆகவே முதல் மாதம் கூட்டத்தோடு ஒருவராகப் போனவர்கள் இரண்டாம் வருடம் தனியாக ஒருமுறை போங்கள். அந்தப் பிள்ளையின் பிறந்தநாளையும் இறந்தநாளையும் உங்கள் போனில் ஆண்டுதோறும் நினைவூட்டும்படி போட்டு வையுங்கள். அன்றைக்கு ஒரு அழைப்பு, முடியாவிட்டால் பெயரைச் சொல்லி ஒரு வரிச் செய்தி போதும்.